பூச்செடி ஆராய்ச்சியில் கல்விப் பணி: பயிரின் காலமும் பதவியின் காலமும்

அலங்காரத் தோட்டக்கலையில் முனைவர் பட்டத்துக்கு வருபவர் எடுக்கும் முதல் பெரிய முடிவு, எந்தப் பயிர் என்பது. பெரும்பாலும் அதை அவர் எடுப்பதே இல்லை. வழிகாட்டியின் கண்ணாடிக் கூடத்தில் ஏற்கெனவே என்ன செடி இருக்கிறதோ அதுவே அவருடைய பயிராகிவிடுகிறது. அடுத்த முப்பது ஆண்டுகளின் போக்கைத் தீர்மானிக்கும் விஷயம் இது என்பதால், சேரும் முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: விதை போட்ட நாளிலிருந்து முதல் பூவைப் பார்க்க எவ்வளவு காலம் ஆகும்?

பெட்டூனியா பத்துப் பன்னிரண்டு வாரங்களில் பூத்துவிடும். கண்ணாடிக் கூடம் இருந்தால் ஆண்டுக்கு மூன்று தலைமுறை எடுக்கலாம். ஆண்டு முழுவதும் பூக்கும் வகை ரோஜாவின் நாற்று, முளைத்து இரண்டு மாதம் ஆவதற்குள் முதல் மொட்டைக் காட்டிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் வகையானால் இரண்டு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். ஃபலனாப்சிஸ் ஆர்க்கிடுக்கு இரண்டிலிருந்து மூன்று ஆண்டு. துலிப்புக்கு ஐந்து, ஆறு ஆண்டுகூட ஆகும். அதன் பிறகும் ஒரு கிழங்கிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்றுதான் பெருகும் என்பதால், ஒரு துலிப் ரகம் சந்தைக்கு வர இருபது ஆண்டுகள் ஆவது வழக்கம். ஆய்வேட்டுக்குக் கிடைக்கும் காலமோ மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவரின் பணியை நிரந்தரமாக்கலாமா என்று முடிவெடுப்பதும் பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள். துலிப்பில் கலப்பு செய்த மாணவர், அந்தக் கலப்பின் பூவைப் பார்க்கும் முன்பே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பார்.

இதற்காக நீண்டகாலப் பயிர்களை ஒதுக்க வேண்டியதில்லை. வேலையை இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொண்டால் போதும். ரகம் உருவாக்குவது நிறுவனத்தின் நீண்ட வேலை; மாணவர் வருவார், போவார், செடிக்கூட்டம் வயலில் நிற்கும். ஆய்வேட்டுக்கான கேள்வி அந்தக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்த, மூன்றாண்டில் விடை கிடைக்கும் ஒரு துண்டாக இருக்க வேண்டும்: ஒரு நோய் எதிர்ப்புத் தன்மை எப்படிக் கடத்தப்படுகிறது, இரண்டு இனங்கள் ஏன் காய் பிடிக்க மறுக்கின்றன, மகரந்தத்தை எத்தனை மாதம் சேமிக்கலாம் என்பது போல. ‘மணமுள்ள புதிய ரகம் உருவாக்குதல்’ என்று தலைப்பு எழுதிப் பதிவு செய்தவர்கள்தான் ஐந்தாம் ஆண்டில் திண்டாடுகிறார்கள்.

நீண்ட வேலை எப்படி நடக்கும் என்பதற்கு அமெரிக்க தேசிய மரப்பூங்காவின் கிரேப் மிர்ட்டில் திட்டம் நல்ல சான்று. நம் பூமருதுக்கு நெருங்கிய உறவான இந்தப் பூமரத்தைச் சாம்பல் நோய் வாட்டிக்கொண்டிருந்தது. 1956-இல் ஜான் கிரீச் ஜப்பானின் யாகுஷிமா தீவிலிருந்து லாகர்ஸ்ட்ரோமியா ஃபௌரியை என்ற காட்டினத்தின் விதைகளைச் சேகரித்து வந்தார். அந்த இனத்துக்குச் சாம்பல் நோய் எதிர்ப்பு இருந்தது. அதே பூங்காவில் டொனால்ட் எகோல்ஃப் அதைத் தோட்ட இனத்துடன் கலந்து, தேர்ந்தெடுத்து, ‘நாட்செஸ்’, ‘மஸ்கோகி’ ஆகிய ரகங்களை 1978-இல் வெளியிட்டார். விதை வந்து சேர்ந்ததற்கும் ரகம் வெளிவந்ததற்கும் இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள். விதை கொண்டுவந்தவர் ஒருவர், ரகம் கொடுத்தவர் வேறொருவர். இடையில் அந்த மரங்களை வெட்டிவிடாமல் நிறுத்திவைத்த நிறுவனம் இல்லையென்றால் இது நடந்திருக்காது.

தனியார் விதை நிறுவனங்கள் இதைச் செய்யுமா என்றால், பெரும்பாலும் செய்யா. ஆண்டுதோறும் பட்டியலில் புதிய நிறம் வர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு உண்டு; அதை அவர்கள் மிகத் திறமையாகச் செய்கிறார்கள். அவர்களோடு நிறத்தில் போட்டியிடுவது பல்கலைக்கழகத்துக்கு வீண் வேலை. காட்டினங்களிலிருந்து எதிர்ப்புத் தன்மையைக் கொண்டுவருவது, விதை பிடிக்காத ரகங்களை உருவாக்குவது, கலப்புத் தடையின் காரணத்தைக் கண்டுபிடிப்பது ஆகியவைதான் கல்வி நிலையத்தின் இடம். ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரிஃபித் பக் தன் ரோஜாக்களுக்கு மருந்து தெளிக்கவில்லை. கடுங்குளிர் காலத்தில் மூடாக்கும் போடவில்லை. பிழைத்ததை மட்டும் தேர்ந்தெடுத்தார். 1977-இல் வெளிவந்த அவருடைய ‘கேர்ஃப்ரீ பியூட்டி’, 2000-இல் வெளியாகி உலகம் முழுக்கப் பரவிய ‘நாக் அவுட்’ ரோஜாவின் மூதாதைகளில் ஒன்று. சந்தையில் புகழ் பெற்றது பின்னது. அதன் உடல்வலுவில் முன்னதற்குப் பங்கு உண்டு.

இனி கை வேலைக்கு வருவோம். இந்தத் துறையில் பெயர் எடுத்தவர்கள் யாராக இருந்தாலும் கலப்புச் செய்யும் கை சுத்தமாக இருந்திருக்கிறது. ரோஜாவையே எடுத்துக்கொள்ளலாம். தாய்ப்பூவின் வெளி இதழ்கள் தளர்ந்து, உள் இதழ்கள் இன்னும் மூடியிருக்கும் நிலையில் இதழ்களைக் கிள்ளி, மகரந்தப்பைகளை நுண் இடுக்கியால் ஒவ்வொன்றாக அகற்ற வேண்டும். அவை மஞ்சளாக, வெடிக்காமல் இருக்க வேண்டும். ஒன்று வெடித்திருந்தாலும் அந்தப் பூவை விட்டுவிடுவதே நல்லது. தன்மகரந்தம் ஏற்கெனவே சூல்முடியில் விழுந்திருக்கும். பிறகு காகித உறை மாட்டிவிட வேண்டும். மறுநாள் சூல்முடி பிசுபிசுக்கும்போது மகரந்தம் தடவி, அதற்கடுத்த நாள் இன்னொரு முறை தடவினால் காய்க்கு இத்தனை விதை என்ற கணக்கு கூடும்.

தந்தைப் பூவின் மகரந்தப்பைகளைக் காகிதத்தில் பரப்பி, நிழலில் ஒரு நாள் உலர விட்டால் தாமாக வெடித்துத் தூள் உதிரும். ஈரத்தோடு புட்டியில் அடைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். புதிதாக வருபவர்கள் மகரந்தத்தை வீணாக்குவது பெரும்பாலும் இங்கேதான். உலர்ந்த தூளைச் சிலிக்கா ஜெல்லுடன் குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். ஒரு தந்தையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தூரிகையைச் சாராயத்தில் முக்கியெடுத்து, முழுக்க உலர்த்திய பிறகே தொட வேண்டும். ஈரச் சாராயம் அடுத்த மகரந்தத்தையும் கொன்றுவிடும்.

மகரந்தம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அசிட்டோகார்மின் சாயம் போடுவது எல்லா ஆய்வகங்களிலும் உள்ள பழக்கம். அது சைட்டோபிளாசம் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். சேமிப்பில் செத்துப்போன மகரந்தமும் சிவப்பாகச் சாயம் ஏற்கும். பத்திலிருந்து பதினைந்து சதவீதச் சர்க்கரைக் கரைசலில், லிட்டருக்கு 100 மில்லிகிராம் போரிக் அமிலம் சேர்த்து, சில மணி நேரம் முளைக்க வைத்து, மகரந்தத்திலிருந்து முளைக்கும் குழாயின் நீளம் அதன் விட்டத்தைத் தாண்டியவற்றை மட்டும் எண்ண வேண்டும். சாயத்தில் எண்பது சதவீதம் காட்டியது முளைப்பில் பத்துக்கு இறங்குவது உண்டு. காய் பிடிக்காததற்குத் தாயைக் குற்றம் சொல்லும் முன் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ரோஜாக் காய் பழுக்க ஏறத்தாழ நான்கு மாதம். ஆரஞ்சு நிறத்துக்கு மாறும்போதே பறித்து, விதையைக் காயவிடாமல் ஈரமான ஊடகத்தில் 2–5 டிகிரி செல்சியஸில் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வைத்தால் உறக்கம் கலையும். வெளியே எடுத்த பிறகு வெப்பம் அதிகமாக இருந்தால் உறக்கம் திரும்பிவிடும். 15–20 டிகிரிக்குள் வைப்பது பாதுகாப்பு. இத்தனையும் செய்தும் பாதிக்கும் கீழே முளைப்பது ரோஜாவில் சாதாரணம்.

அதனால் எத்தனை விதை வேண்டும் என்ற கணக்கைக் கலப்புக்கு முன்பே போட வேண்டும். அலங்காரப் பயிர்களில் இந்தக் கணக்கு பாடப்புத்தக மெண்டல் கணக்கிலிருந்து விலகிப்போகிறது. இன்றைய தோட்ட ரோஜாக்கள் பெரும்பாலும் நான்மடியம்; அதாவது இருமடியத்தில் இரண்டாக இருக்கும் குரோமோசோம் தொகுதி இங்கே நான்கு, மொத்தம் 28 குரோமோசோம். ஓர் ஓங்கு, ஓர் ஒடுங்கு மரபணு வடிவத்தைக் கொண்ட இருமடியச் செடியைத் தன்மகரந்தம் செய்தால், ஒடுங்கு தன்மை நான்கில் ஒரு நாற்றில் வெளிப்படும். 95 சதவீத உறுதியுடன் ஒன்றாவது கிடைக்க 11 நாற்று போதும். இரண்டு ஓங்கு, இரண்டு ஒடுங்கு மரபணு வடிவங்களைக் கொண்ட நான்மடியச் செடியைத் தன்மகரந்தம் செய்தால் அந்தத் தன்மை 36-இல் ஒன்று. அதே உறுதிக்கு 107 நாற்று வேண்டும். இரண்டு ஒடுங்கு தன்மைகள் ஒரே செடியில் வேண்டுமென்றால் 1,296-இல் ஒன்று. நாற்றுகளோ ஏறத்தாழ 3,880. முளைப்பு விகிதத்தையும் சேர்த்துப் பார்த்தால் விதை எண்ணிக்கை பல ஆயிரம். முப்பது நாற்றுகளை வைத்துக்கொண்டு ‘இந்தத் தன்மை கடத்தப்படவில்லை’ என்று எழுதிய ஆய்வேடுகளின் கோளாறு இந்தக் கணக்கைப் போடாததுதான்.

மடிய எண்ணிக்கையை மாற்றுவது இத்துறையின் முக்கியமான கருவி. கொல்கிசின் என்ற மருந்து, செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிரிழைகளை உருவாகவிடாமல் தடுக்கும். இரட்டித்த குரோமோசோம்கள் ஒரே செல்லில் தங்கிவிடும். நாற்றின் நுனியில் 0.05 முதல் 0.2 சதவீதக் கரைசல் என்பது பொதுவான அளவு. மனிதருக்கும் நச்சு என்பதால் கையுறை கட்டாயம். பல ஆய்வகங்கள் இப்போது தாவர செல்லின் மீதே கூடுதலாகச் செயல்படும் ஒரைசலினுக்கு மாறிவிட்டன. சிக்கல் மருந்தில் இல்லை, சோதனையில் இருக்கிறது. தண்டு நுனி மூன்று அடுக்காக வளர்கிறது. வெளியடுக்கு மேல்தோலைத் தருகிறது. இரண்டாம் அடுக்கிலிருந்துதான் மகரந்தமும் சூல்முட்டையும் வருகின்றன. பதியன் குச்சியின் வேர் உள்ளடுக்கிலிருந்து வருகிறது. இலைத்துளையின் நீளத்தை மட்டும் அளந்து ‘நான்மடியம்’ என்று முடிவு கட்டினால், தெரிந்தது வெளியடுக்கின் கதை மட்டுமே. வேர்நுனியில் குரோமோசோம் எண்ணியவருக்குத் தெரிந்தது உள்ளடுக்கு மட்டுமே. கலப்புக்குப் பயன்படப்போவதோ நடு அடுக்கு. அதனால் மகரந்தத் துகளின் பருமனைப் பார்க்க வேண்டும். செல்களின் டிஎன்ஏ அளவைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் இலைத்துண்டை வைத்து, இருமடிய செல்லும் நான்மடிய செல்லும் கலந்திருப்பதைக் காட்டும் இரண்டு முகடு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இறுதியில் அந்தச் செடியின் விதை நாற்றுகளையும் சோதிக்க வேண்டும். இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் அதை நம்பி அடுத்த கலப்பைச் செய்யலாம்.

நான்மடியத்தை இருமடியத்தோடு கலந்தால் மும்மடியம். அதில் விதை பிடிப்பது அரிது என்பதால், தோட்டத்திலிருந்து காட்டுக்குள் பரவும் அழகுச் செடிகளுக்கு இது அருமையான தீர்வு. உண்ணிச்செடி எனப்படும் லன்டானாவில் இந்த வழியில் மலட்டு ரகங்கள் உருவாக்கப்பட்டுள்ளன. ஆனால் லன்டானாவின் சில வரிசைகள் குரோமோசோம் குறையாத சூல்முட்டைகளை உருவாக்கும். மும்மடியமாக இருந்தும் காய் பிடிக்கும். மலடு என்று அறிவிக்கும் முன் அருகில் மகரந்தம் தரும் செடிகளை வைத்துப் பல பருவங்களில், பல இடங்களில் காய்களை எண்ணியே தீர வேண்டும்.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் துறையைப் பற்றிப் பேச முடியாது. பெட்டூனியாவில் இயல்பாக ஆரஞ்சு நிறம் இல்லை. அதன் டிஎஃப்ஆர் என்ற நொதி, ஆரஞ்சு நிறமியான பெலர்கோனிடினுக்கு முந்தைய பொருளை ஏற்றுக்கொள்ளாது. 1987-இல் ஜெர்மனியில் மக்காச்சோளத்தின் மரபணுவைப் புகுத்தி அந்த நிறத்தை வரவழைத்தார்கள். அது ஆய்வாகவே நின்றுபோனது என்று எல்லோரும் நினைத்திருக்க, 2017-இல் ஆரஞ்சுப் பெட்டூனியா ரகங்கள் பல நாடுகளின் சந்தையில் அனுமதியின்றி விற்கப்படுவது தெரியவந்தது. முதலில் கண்டறிந்தது பின்லாந்தில். பூவைப் பார்த்ததும் ‘இந்த நிறம் இந்தச் செடியில் வரக் கூடாதே’ என்று சந்தேகப்படும் அளவுக்கு நிறமி வேதியியல் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். அதற்குப் பிறகு ஏராளமான செடிகள் அழிக்கப்பட்டன. கலப்புக்குத் தாய்ச்செடியைச் சந்தையில் வாங்கிப் பயன்படுத்துபவர்கள் அதன் வரலாற்றைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டாம். அதே 2017-இல் ஜப்பானில் உண்மையான நீலச் சாமந்தியைக் காட்டினார்கள். அதற்கு உதவிய இரண்டு மரபணுக்களில் ஒன்று நம் வேலிகளில் படரும் சங்குப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது.

தேர்வு என்பது கண்ணால் செய்யும் வேலை. ஆனால் அளவுகோல் இல்லாத கண் ஏமாற்றும். நிறத்தை ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். நேர் வெயில் படாத அறையில், நடுப்பகல் வெளிச்சத்தில், வெள்ளைப் பின்னணியில் இதழை வைத்துப் பார்க்க வேண்டும். மாலையில் எடுத்த குறிப்பு காலையில் எடுத்ததோடு பொருந்தாது. கொய்மலரின் ஆயுளை 20 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம், 12 மணி நேர ஒளி என்ற பொது நிலையில் சோதித்தால்தான் இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட முடியும். கரும்புள்ளி நோய்ச் சோதனையில் ஒரே ஒரு பூசண வகையை மட்டும் தெளித்து ‘எதிர்ப்பு உண்டு’ என்று எழுதுவது ஆபத்து. அந்தப் பூசணத்துக்குப் பல இனக்கூறுகள் உண்டு. ஒற்றை மரபணு எதிர்ப்பு ஓர் ஊரில் நிற்கும், அடுத்த ஊரில் சரியும்.

ரகம் தயாரான பிறகு வரும் சட்டப் படிகளில்தான் கல்வியாளர்கள் அதிகம் இழக்கிறார்கள். புதிய தாவர ரகங்களை உருவாக்கியவரின் உரிமையைக் காக்க பாரிஸில் 1961-இல் கையெழுத்தான யூபோவ் உடன்படிக்கையின் 1991 வடிவப்படி, பாதுகாப்பு பெறும் ரகம் புதியதாக, வேறுபட்டதாக, ஒருசீராக, நிலையானதாக இருக்க வேண்டும். பாதுகாப்புக் காலம் குறைந்தது 20 ஆண்டு. மரங்களுக்கும் கொடிமுந்திரிக்கும் 25. புதியது என்பதற்கு ஒரு கெடு உண்டு: விண்ணப்பிக்கும் நாட்டில் ஓராண்டுக்கு மேல், வெளிநாட்டில் நான்காண்டுக்கு மேல் விற்பனையில் இருந்திருக்கக் கூடாது. மரங்களுக்கு வெளிநாட்டுக் கெடு ஆறாண்டு. துறையின் மலர்க் கண்காட்சியில் தேர்வு நாற்றுகளை விற்றுச் சிறு தொகை திரட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த விற்பனையே கெடுவைத் தொடங்கிவைத்துவிடும். வயல் சோதனைக்குச் செடி கொடுக்கும்போது, பெருக்கவோ விற்கவோ கூடாது என்ற எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் ஒரு குச்சியும் வெளியே போகக் கூடாது.

பாதுகாக்கப்பட்ட ரகத்தைக் கலப்புக்குத் தாயாகப் பயன்படுத்த யூபோவ் அனுமதிக்கிறது. ஆனால் காமாக் கதிரால் நிறத்தை மட்டும் மாற்றிய சாமந்தி, மூல ரகத்திலிருந்து பெறப்பட்டது என்று கருதப்படலாம். அப்படியானால் விற்க மூல உரிமையாளரின் சம்மதம் வேண்டும். காட்டினங்களுக்கு, ஒரு நாட்டின் மரபு வளத்தைப் பெறுவதையும் அதன் பயனைப் பகிர்வதையும் ஒழுங்குபடுத்தும், 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை இருக்கிறது. உணவுப் பயிர்களுக்கு உள்ள பலநாட்டுப் பகிர்வு ஏற்பாடு பூச்செடிகளுக்குப் பெரும்பாலும் இல்லாததால், ஒவ்வொரு நாட்டோடும் தனியாக அனுமதி பெற வேண்டும். அந்தக் கடிதங்களுக்கு ஓராண்டு ஒதுக்காமல் போட்ட திட்டம் முதல் ஆண்டிலேயே நின்றுவிடும்.

பதவி உயர்வுக் குழுக்கள் இன்னும் கட்டுரைகளைத்தான் எண்ணுகின்றன. பத்தாண்டு உழைத்த ரகம் ஒரு வரி, நான்கு மாதத்தில் எழுதிய கட்டுரை ஒரு வரி என்பது அநியாயம்தான். அதைச் சமாளிக்க வழிகள் உண்டு. ஹார்ட்சயின்ஸ் போன்ற இதழ்கள் ரக வெளியீட்டையும் மூலச்செடி வெளியீட்டையும் கட்டுரையாகவே ஏற்கின்றன. ஒரே செடிக்கூட்டத்திலிருந்து மரபுக் கடத்தல், நோய்ச் சோதனை, மரபணுக் குறிப்பான் என மூன்று கட்டுரைகள் எழுத முடியும்படி ஆரம்பத்திலேயே திட்டமிட வேண்டும். பெட்டூனியாவின் மரபணுத்தொகுதி 2016-இலும் ரோஜாவினுடையது 2018-இலும் வெளியான பிறகு இந்த வகைக் கட்டுரைகளுக்கான வாய்ப்பு கூடியிருக்கிறது. வேலைக்கு எடுப்பவர்கள் கணினியில் தரவை ஆளத் தெரிந்தவரையும் தேடுகிறார்கள், நாற்றங்காலில் நீர் பாய்ச்சத் தெரிந்தவரையும் தேடுகிறார்கள். இரண்டும் ஒருவரிடம் இருப்பது அரிதாகிவருகிறது. அதனால் இரண்டும் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம்.

கடைசியாக, பலர் தள்ளிப்போடும் ஒரு வேலை: ஓய்வு பெறுவதற்கு ஐந்தாண்டு முன்பே கைமாற்றத்தைத் தொடங்குவது. பதியன் மூலம் பெருகும் பயிர்களுக்கு விதைவங்கியில் இடமில்லை. செடி செத்தால் அந்த மரபு முடிந்தது. ஒவ்வொரு முக்கியத் தாய்ச்செடியும் இரண்டு வெவ்வேறு இடங்களில் நிற்க வேண்டும். வைரஸ் சோதனை செய்து, நுனிவளர்திசு மூலம் சுத்தப்படுத்திய ஒரு படி திசுவளர்ப்பிலும் இருக்க வேண்டும். கலப்புப் பதிவேட்டில் ஆண்டு, கலப்பு எண், முதலில் தாய், பிறகு தந்தை, தடவிய பூக்கள், பிடித்த காய்கள், விதைகள், முளைத்தவை, தேர்ந்தெடுத்தவை ஆகிய அனைத்தும் வேண்டும். நிராகரித்ததற்கான காரணம் ஒரு சொல்லிலாவது இருக்க வேண்டும். செடியில் தொங்கும் அட்டையில் மார்க்கர் மை இரண்டு கோடையில் வெளுத்துவிடும். பென்சில் எழுத்து நிற்கும், அலுமினியத் தகட்டில் கீறிய எண் அதைவிட நிற்கும். பதிவேட்டின் எண்ணும் தகட்டின் எண்ணும் ஒன்றுதானா என்று ஆண்டுக்கு ஒருமுறை வயலில் நடந்து சரிபார்க்க ஒரு நாள் போதும்.